நான் பார்க்காமல் சொன்ன நிறம்

என்னவருக்கு,

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வரவில்லை. நம் கிட்வாய் நகர் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி அஞ்சலியாக நாலு வரி கேட்டார்கள். "நல்ல மனிதர், யாருக்கும் உதவுவார்" என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் நான் சொல்லவேண்டியது வேறு. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். உங்கள் ஆபீசில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆர்டர் இன்னும் வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் காகிதம் மட்டும் ஜல்தியாக வந்துவிட்டது. முனிர்காவில் ஒரு மாடி அறை பார்த்திருக்கிறேன். நம் பெண் வித்யா இனி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பக்கத்து வீட்டில் கலர் டெலிவிஷன் வாங்கிவிட்டார்கள். தெருவே அங்கேதான் கிடக்கிறது. நான் போகவில்லை.

அந்த மாடிக்கு உங்கள் மோட்டார் சைக்கிளை எப்படி ஏற்றுவேன்?

மோத்தியாகான் பழைய இரும்புக் கடையிலிருந்து அதைத் தள்ளுவண்டியில் வைத்து நீங்கள் கொண்டுவந்த அன்று நான் சண்டை போட்டேன். உலக யுத்தத்தில் ராணுவம் ஓட்டிய வண்டி என்றீர்கள். எனக்கு அது துருப்பிடித்த கட்டிலாகத்தான் தெரிந்தது. பின்கட்டில் இரண்டு வருஷம் அதனோடு கிடந்தீர்கள். எஞ்சின் உறுமியபோதுகூட உங்களுக்குத் திருப்தி இல்லை. "அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும் சரோ. ஒரு இடத்துலயும் மின்னக் கூடாது. மின்னினா மேல போற விமானத்துக்குத் தெரிஞ்சிடும்" என்பீர்கள். சக்கரக் கம்பிக்குக்கூட மினுக்கில்லாத பெயிண்ட்தான்.

அந்தப் பெயிண்ட் என்ன நிறம் என்பதுதான் பிரச்சினை. பச்சையும் பழுப்பும் உங்கள் கண்ணுக்கு ஒன்று. கண் பரிசோதனையில் கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைப் படிக்க முடியாமல் ரயில்வே வேலை போனதைக் கல்யாணமான மறுவாரமே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. இப்படி ஊரறியச் சொல்வதற்கு மன்னியுங்கள். இதை மறைத்தால் மீதியைச் சொல்ல முடியாது.

பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கத்தை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தீர்கள். மேலே கறுப்பு, அதற்குள் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு. கட்டைவிரல் அகலம் இருக்கும். "என்ன கலர், சரியாச் சொல்லு" என்று கேட்டீர்கள். காய்ந்த புளி மாதிரி இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து என் கண்தான் உங்கள் கண். டால்டா டப்பா மூடிகளில் விதவிதமாகக் கலந்து பூசிக்கொண்டு வருவீர்கள். இதுவா பார், அதுவா பார். நானும் அந்தப் பழுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தேன். வித்யாவுக்குக் காய்ச்சல். நீங்கள் இரண்டு மூடிகளை நீட்டினீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வலது கையில இருக்கே, அதுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்னா நிச்சயம். என்னை விடுங்களேன்."

அடுத்த வாரம் பெயிண்டர் அஸ்லம் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனீர்கள். திரும்பி வந்த வண்டியை வெயிலில் பார்த்தேன். பச்சை. பயத்தந்தோல் பச்சை. "நல்லா இருக்கில்ல சரோ?" என்றீர்கள். நல்லா இருக்கு என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு வேறு என்ன சொல்வேன்? குளிர் போகட்டும், மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். குளிர் போவதற்குள் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, போகல் பேட்டையிலிருந்து ஒரு சர்தார்ஜி வந்தார். யுத்தத்தில் இதே மாதிரி வண்டியில் தபால் கொண்டுபோனவர். பழைய வண்டிகளைக் கொட்டகை போட்டுப் பாதுகாக்கிறார், இதையும் வைத்துக்கொள்கிறேன் என்றார். குனிந்து, உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்தார். வாஹ், வாஹ் என்றார். பிறகு நிமிர்ந்து இந்தியில் கேட்டார்: "இவ்வளவு பார்த்துச் செய்தவர் நிறத்தில் எப்படிக் கோட்டை விட்டார், பஹன்ஜி? எங்கள் வண்டி பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டா அடித்தார்?"

நான் வாயைத் திறக்கவில்லை. பழி உங்கள் தலையில் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போனதும் பின்கட்டுக்கு ஓடினேன். டேங்கின் அடியில் அந்தக் கட்டைவிரல் அகலப் பழுப்பு இருந்தால் போதும், அதைக் காட்டிச் சரியான நிறம் அடித்துவிடலாம். அதன் மேலும் பச்சை ஏறியிருந்தது. உங்கள் வாட்டர் பேப்பரை எடுத்து, தண்ணீர் விட்டு, உங்களைப்போலவே தேய்த்தேன். பச்சை போனது. அடுத்த இழுப்பில் வெறும் இரும்பு மின்னியது. நடுவில் பழுப்பு வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். இனி எதைப் பார்த்துக் கலப்பது? என் ஞாபகத்தில் இருக்கும் பழுப்பு ஒரு நாள் புளியாக இருக்கிறது, இன்னொரு நாள் டீயாக இருக்கிறது.

கடைசியில் அஸ்லம் பாயிடம் போனேன். ராணுவப் பழுப்பு கலந்து தர முடியுமா என்று கேட்டேன். அவர் பிரஷைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், நான் கேட்டபடியே எழுதுகிறேன்: "பஹன்ஜி, அன்றைக்கே சாஹிபிடம் சொன்னேன். பழுப்பு வேண்டும் என்கிறீர்கள், இந்த மூடியில் இருப்பது பச்சை, நன்றாகப் பாருங்கள் என்று. சாஹிப் கொஞ்சநேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மேரி கர்வாலி நே தேக்கா ஹை' என்றார். என் வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள், நீ அடி என்றார்."

அப்படியானால் தெரிந்துதான் வீட்டுக்கு வந்தீர்களா? தெரிந்துகொண்டே, நல்லா இருக்கில்ல என்று கேட்டீர்களா? நான் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? இல்லை, என்னை நம்பி அஸ்லம் பாயைத்தான் சந்தேகப்பட்டீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

வரும் ஞாயிறு சர்தார்ஜி வண்டியை எடுத்துப்போக வருகிறார். அது வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், என் வாயாலேயே, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலேயே அவரிடம் சொல்லிவிடுவேன்: என் வீட்டுக்காரர் கோட்டை விடவில்லை, நான்தான் பார்க்காமல் சொன்னேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
சரோஜா