வலிச்சா இடது கையைத் தூக்குங்க

ஜூன் 2, செவ்வாய்

மூன்று பேருக்குச் சொத்தை அடைப்பு, ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கல். டாக்டருக்கு இன்று நல்ல மூடு, சீக்கிரம் விட்டுவிட்டார். வரும் வழியில் நூலகத்துக்குள் போய்ப் பேர் கொடுத்துவிட்டேன். மேடைக் கவிதைப் போட்டி, இருபதாம் தேதி. போன வருஷம் நாற்பதாவது விநாடியில் வாயடைத்துப் போய், "மன்னிக்கணும்" என்று மைக்கிடமே சொல்லிவிட்டு இறங்கி வந்தேனே, அதே போட்டி.

நூலகர் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தெரியாதது போல நடித்தார். நல்ல மனுஷி.

விதிகளும் அதேதான். சொந்தக் கவிதை, மூன்று நிமிஷம், கையில் தாள் கூடாது.

இந்தத் தடவை முடிக்கணும். பரிசெல்லாம் அப்புறம். கடைசி வரி வரைக்கும் நின்னு முடிக்கணும், அவ்வளவுதான்.

ஜூன் 4, வியாழன்

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் கிழிந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே "நல்லது" என்றார். சாயங்காலத்துக்குள் நாத்தனாருக்குத் தகவல் போய்விட்டது. இவருடைய அக்கா, எதிர் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டுக் குக்கர் விசில்கூட அங்கேதான் எண்ணப்படுகிறது.

"மறுபடியுமா? போன தடவை விட்ட மீதியைச் சொல்லப்போறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? ஒரு வருஷமாக, வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், நான் மேடையில் திருதிருவென்று முழித்ததை நடித்துக் காட்டுகிறார். நன்றாகவே நடிக்கிறார், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 9, செவ்வாய்

ஒத்திகைக்கு இடம் கிடைத்துவிட்டது. வேலை செய்கிற இடமேதான். ஊசி போட்டபின் ஈறு மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். டாக்டர் அதற்குள் பக்கத்து அறை ஆளைப் பார்க்கப் போய்விடுவார். பதினோரு வருஷமாக அந்தப் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுப்பது உதவியாளரான நான்தான். அதனால்தான் டாக்டர் என்னை ரேடியோ என்கிறார். இன்று நாலு பேரிடம் கவிதையை முழுசாகச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள், வாயில் பஞ்சு.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் நடுவில் இடது கையைத் தூக்கினார். எங்கள் வழக்கம் அது. நாற்காலியில் சாய்ந்தபின் பேச முடியாதே, அதனால் வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்வோம். பதறிப்போய் "எங்கே வலிக்குது?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கண் ஈரமாக இருந்தது. ஊசியால் இருக்கும்.

ஜூன் 14, ஞாயிறு

கோளாறு. கூடத்தில் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் நேரம் பார்த்தார். இருபது விநாடிதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிற முகம் — அதைக் கண்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. சாய்த்து, பஞ்சு வைத்து, முகத்தில் விளக்கு அடித்தால்தான் எனக்குப் பேச்சு வருமா? என்ன பிழைப்பு இது.

"நான் வேணா வாயைத் திறந்து வச்சுக்கட்டுமா?" என்றார் இவர். சொன்னபடி திறந்தும் வைத்துக்கொண்டார். மூன்று நிமிஷமும் தங்குதடையில்லாமல் சொன்னேன். இவருக்கு மேல் வரிசையில் இரண்டு பல் சுத்தம் செய்ய வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

போகவேண்டாம் போலிருக்கிறது. நாத்தனாரும் வருகிறாராம்.

ஜூன் 20, சனி

சாயங்காலம் ஆறரை. வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. இருந்தாலும் எழுதியே ஆகணும்.

செய்தித்தாள் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். "அமைதி காக்கவும்" பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள், அதன் கீழேதான் மைக். எனக்கு முன்னால் ஏறிய கல்லூரிப் பெண் கட்டடமே அதிரப் பேசினாள். அடுத்து நான். மூன்றாவது வரிசையில் நாத்தனார், மடியில் கைப்பை, புதுசாக நடிக்கக் குறிப்பு எடுப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினேன். எண்பது முகம். எண்பது மூடிய வாய். முதல் வரி போயே போச்சு.

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. மைக் உயரமாக இருந்தது. நோயாளி நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கை இழுப்பது போல அதை இழுத்துத் தணித்தது. வாய் தன்பாட்டுக்கு, "நல்லா வாயைத் திறங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றது.

அறை மொத்தமும் சிரித்தது. சிரித்ததில் எண்பது வாயும் திறந்தது, கடைவாய் வரை தெரிந்தது. அவ்வளவுதான், எனக்கு வேலைக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கே வலிக்குதுன்னு கேட்டா
கன்னத்தைத் தொட்டுக் காட்டுவீங்க.
எத்தனை நாளான்னு கேட்டா
நேத்துதான்னு சொல்வீங்க.
நேத்து வந்த வலிக்கா
இந்தப் பக்கம் மெல்லாம விட்டு
அந்தப் பக்கம் இப்படித் தேஞ்சிருக்கு?

சிரிப்பு நின்றுவிட்டது. பின்வரிசையில் ஓர் இடது கை மேலே போனது. வேடிக்கைக்கு என்று நினைத்தேன், ஆனால் அந்த முகத்தில் வேடிக்கை இல்லை. அப்புறம் ஜன்னலோரம் ஒன்று. நூலகர் அம்மா, நேரம் முடிந்தால் அடிக்கிற மணியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். முடிக்கும்போது பாதி அறை கையைத் தூக்கியிருந்தது. மூன்றாவது வரிசையில், கைப்பைக்கு மேலேயும் ஒன்று.

கடைசி வரி வரைக்கும் நின்னேன். நின்னு முடிச்சேன்.

முதல் பரிசு. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். முதல் பரிசு. எனக்கு.

இவர் கை தட்டின தட்டில் போன் கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. போகட்டும் என்கிறார்.

ஜூன் 22, திங்கள்

டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகாமல், தானும் கேட்க ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வேலை தள்ளிப்போகிறது.

ஜூன் 28, ஞாயிறு

மத்தியானம் நாத்தனார் வந்தார், இவர் வெளியே கிளம்பும்வரை பார்த்திருந்து. ஒரு வாரமாக அவர் எதையும் நடித்துக் காட்டவில்லை.

வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறான் என்று எல்லோரிடமும் சொல்லுவார். "அவன் பேசி நாலு வருஷம் ஆகுது" என்றார் இன்று. "உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

ரேடியோ பேசவே இல்லை. அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் அழுதார். இரண்டு தடவை சம்பந்தமில்லாமல் என்னைத் திட்டவும் செய்தார். கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அவர்மேல் இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே தெரியாது.

எழுந்திருக்கும்போது, "அடுத்த வருஷப் போட்டிக்கு வயசு ஏதும் பார்ப்பாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணி. மூணு நிமிஷத்தை மட்டும்தான் பார்ப்பாங்க."

"எனக்கு அது பத்தாது" என்றார். ஆனாலும் என் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டுதான் போனார்.