வாய் துடைக்காத சுத்தம்

அக்கா,

எதிர் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை காலையிலிருந்து என் ஹாலில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குத் தலைவலி வரும். எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் பக்கவாதத்தில் படுத்த பிறகு அஸ்தினாபுரத்திலேயே உங்கள் வீடுதான் படு சுத்தம். தரைக்குத் தினமும் பினாயில். உங்களுக்குத் துவைத்த நைட்டி, முகத்துக்குப் பவுடர். திறந்தே கிடந்த வாயை மட்டும் யாரும் துடைக்கவில்லை. நாற்றம் வந்ததும் ரூம் ஸ்பிரே வாங்கினார்கள். படித்த குடும்பம் அல்லவா!

"வாய் மட்டும் இல்லன்னா நம்ம ரெண்டு பேரையும் நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டா" என்பீர்கள். காலனியில் யார் வீட்டில் என்ன சண்டை என்று அலசி, வாயாடிகள் என்று நாம் சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயரே உங்களுக்கு எமனாக வந்தது. பேச்சு போன நீங்கள் இடது கையால் வாயைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினீர்கள். ஜெபக்குழுவிலிருந்து வந்த அம்மா சிரித்தார்: "பாருங்க, இன்னும் ஊர்க்கதை பேச ஆசை!" நாவலூர் ஆபீஸிலிருந்து வந்த உங்கள் மகன், "காபி கேக்குறாங்க" என்று ஸ்பூனை எடுத்தான்.

கடைசியில் என் விரலைப் பிடித்திழுத்து மேலுதட்டுக்குள் வைத்தீர்கள். ஈறில் ஏதோ நெளிந்தது.

தாம்பரத்துப் பல் டாக்டரம்மா டர்பன்டைனில் நனைத்த பஞ்சை வைத்ததும் புழுக்கள் தலை நீட்டின. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். "ஈ முட்டை போட்டிருக்கு சார். தினம் வாயைத் துடைச்சிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது."

வெளியே மகன் என்னை ஓரங்கட்டினான். "மாமா, புழுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்ஃபெக்ஷன்னு சொல்லிக்கலாம். அசிங்கம்."

யாருக்கு அசிங்கம்? அதுவும், ரகசியம் காக்க அவனுக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள்!

புண் ஆறியது. பிறகு மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. இரங்கல் கூட்டத்தில் உங்கள் பாட்டுக் குரலை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். உங்கள் மகன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போது படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போனால் பழம் வாங்குவதில்லை, பஞ்சும் டார்ச்சும்தான். போன வாரம் முடிச்சூரில் பெரியப்பாவிடம் வாயைத் திறக்கச் சொன்னேன். "நான் என்ன சந்தை மாடாடா, பல்லப் புடிச்சுப் பாக்குற?" என்று கத்தினார்.

கத்துவதற்குத் திறந்தாரே, அதற்குள் பார்த்துவிட்டேன்.