ரிலீவர் வரும்வரை

7 ஜூலை 2024, ஞாயிறு

பிரேசில் அவுட். உருகுவேயிடம் பெனால்டியில் தோற்றார்கள். ஜெரியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ராயபுரத்தில் மேட்ச் பார்த்துவிட்டு ஒன்பதேகாலுக்கு எண்ணூரில் வேலைக்கு வந்து சேர்ந்தான். மஞ்சள் ஜெர்சியைக்கூடக் கழற்றவில்லை, அதன்மேலேயே யூனிபார்ம் சட்டையை மாட்டியிருந்தான். "சிரிச்சேன்னு வச்சுக்கோ, பெல்ட்டுல தூக்கிப் போட்டுருவேன்" என்றான். சிரித்தேன்.

சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கிக் காலை ஆறுக்கு முடியவேண்டிய என் நைட் ஷிப்டை அவனுக்காக இழுத்துப் பிடித்தேன். எங்கள் செக்‌ஷனில் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வராமல் சரக்கு கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டை விட்டுப் போகக்கூடாது. ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்கவேண்டும். எந்த ஆள் என்று பெல்ட்டுக்குத் தெரியவா போகிறது? அவன் கார்டை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு, நான் வெளியே போனதாக என் கார்டையும் அவன் உள்ளே வந்ததாக அவன் கார்டையும் கேட்டில் தேய்த்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். கல்யாணம், காதுகுத்து, சாவு, ஃபுட்பால்.

நாளை முதல் இரண்டு வாரம் எனக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு நைட்.

10 ஜூலை

கனடாவுக்கு எதிராக இரண்டு கோல். அர்ஜென்டினா ஃபைனலில்!! ஜெரி எட்டேகால் வரை எனக்காக நின்றான். "என் டீமு வூட்டுக்குப் போயிடுச்சு. உன் டீமுக்கு நான் நின்னுகினு கீறேன். எங்கனா அடுக்குமாடா இது?" வாங்கிப்போன வடையை மட்டும் பிடுங்கிக்கொண்டான்.

14 ஜூலை, ஞாயிறு

நாளைக் காலை ஐந்தரைக்கு ஃபைனல். ஏழரைக்கு முடிந்துவிடும். வியாசர்பாடி கிளப்பிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம். சூப்பர்வைசர் ஜெயவேல் ஒன்பதுக்கு முன் வந்ததே கிடையாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இன்று எனக்கு ஆஃப். சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பின ஜெரியைக் கல்மண்டபத்தில் பார்த்து என் கார்டைக் கொடுத்தேன். கண் சிவந்திருந்தான். மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பகலில் தூங்கவே முடியவில்லையாம். "எட்டரைக்குள்ள வந்துரு மாமு. அதுக்கு மேல தாங்கமாட்டேன்" என்றான். எட்டேகால் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

மனைவி அம்மு என் ஜெர்சியைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். தூக்கம் வருவேனா என்கிறது.

15 ஜூலை

ஜெயித்துவிட்டோம்.

காலையில் இந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று நினைத்திருந்த வரி இது.

16 ஜூலை

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்தரைக்கு மேட்ச் தொடங்கவில்லை. ஸ்டேடியம் வாசலில் கூட்டம் முண்டியடித்ததால் தள்ளிவைத்துவிட்டார்கள். கிளப் ரூமில் வேட்டியால் கட்டின திரையில் வெறும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறரைக்கு ஜெரிக்கு போன் செய்தேன். "இன்னும் ஆரம்பிக்கலடா." பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். பிறகு, "சரி, பாத்துட்டு வா. ஃபைனலாச்சே" என்றான்.

ஏழுக்கு ஆறு ஏழு நிமிடம் இருக்கும்போதுதான் ஆட்டம் தொடங்கியது. எட்டரைக்காவது கிளம்பியிருக்கவேண்டும். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து கேப்டனுக்குக் கணுக்கால் வீங்கி, வெளியே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஒரு கணுக்காலுக்கு! எப்படிக் கிளம்புவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு ஐம்பதுக்கு ஜெரி கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஒன்பது பத்துக்கு மறுபடி. எக்ஸ்ட்ரா டைம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெயர் ஸ்கிரீனில் மின்னுவதைப் பார்த்தேன். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு கோல். என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மறுபடி போன் அடித்தது. ஜெரிதான், திட்டப்போகிறான் என்று எடுத்து, "கோலு மாமே கோலு!" என்று கத்தினேன்.

ஜெயவேல் குரல். "பீம்ராவ், கார்டுல நீ உள்ள இருக்கே. எங்கடா இருக்கே?"

ஈரச் சரக்கு ரோலரில் ஒட்டியிருக்கிறது. பெல்ட்டை நிறுத்தாமல் சுரண்டியிருக்கிறான். வலது கை. முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

பதினைந்து மணி நேரமா பதினாறா? எத்தனை மணி நேரம்டா நின்ன நீ?

17 ஜூலை

இதையும் எழுதிவிடவேண்டும். பதினைந்தாம் தேதி பகல் ஜெயவேல் என்னை ஆபீஸுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"ரெக்கார்டு படி அவன் ஆறு மணிக்கு வெளிய போயிட்டான். பெல்ட்டுல இருந்தது நீ. உன்னைப் பாக்கத் திரும்ப உள்ள வந்தான், விளையாட்டா கைய வுட்டான். அவ்ளோதான். நெஜத்தைச் சொன்னா ரெண்டு பேர் மேலயும் ஃபிராடு கேஸு. அவன் ஆஸ்பத்திரியிலருந்து ஜெயிலுக்குப் போவணுமா?"

அவனைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதின தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயத்தில் போட்டேன். ஜெர்சியைக்கூட மாற்றவில்லை, அதோடு உட்கார்ந்து போட்டேன்.

21 ஜூலை

ஆஸ்பத்திரி. ஜெரிக்கு நினைவு தெளிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ஜெயிச்சீங்களா?"

"ஒண்ணு சைபர்."

"யாரு போட்டா?"

எனக்குப் பெயர் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை.

26 ஜூலை

வேலைக்குப் போகிறேன். அதே பெல்ட். கழுவிவிட்டிருக்கிறார்கள்.

2 ஆகஸ்ட்

போனேன். வந்தேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ராயபுரத்தில் ஜெரி வீடு. அவன் மனைவி மெர்லின் ஒரு ஜெராக்ஸை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். வேலை நேரத்தில் நடந்த விபத்து இல்லை என்று இ.எஸ்.ஐ. ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். வேலையில் இருந்தபோது போன கை என்றால்தான் ஊனத்துக்கு மாதாமாதம் பென்ஷன். வேடிக்கை பார்க்க வந்தவன் கைக்கு ஒன்றும் கிடையாது.

"இதுல பீம்ராவ்னு கையெழுத்து கீது. இன்னொரு பீம்ராவ் யாராச்சும் அங்க வேலை செய்றாங்களாண்ணா?"

இல்லை என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஜெரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திரும்பும்போது இல்லாத கையை ஊன்றப்போய்ச் சரிந்தான். பிடிக்க எழுந்தேன். "வேணாம்ணா" என்றாள் மெர்லின்.

12 ஆகஸ்ட்

அம்முவிடம் எல்லாம் சொன்னேன். வேலை போகும், கேஸ்கூட வரலாம் என்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், "அந்த ஆள் நெலைமைல நீ இருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன், அதை மட்டும் யோசி" என்றாள்.

14 ஆகஸ்ட்

இ.எஸ்.ஐ. ஆபீஸ். எழுதிக்கொண்டு போனதைக் கொடுத்தேன். கார்டு தேய்த்தது, நான் வராதது, பொய்க் கையெழுத்து, எல்லாம். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். நான் எதை நம்பட்டும்? அந்த நேரத்துல நீங்க வேற எடத்துல இருந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

இல்லை என்று வெளியே வந்துவிட்டேன். திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயில் வரும்போதுதான் உறைத்தது. இருக்கிறது.

15 ஆகஸ்ட்

கிளப்பில் காஜா மொய்தீன்தான் எல்லா மேட்சுக்கும் வீடியோ எடுப்பான். கேட்டதும் உற்சாகமாகத் தேடிக் கொடுத்தான், பாவம், எதற்கென்று தெரியாமல். நாற்பது நொடி. கோல் விழுகிறது, ரூமே எழுகிறது, நடுவில் நான். நீலம், வெள்ளைப் பட்டை. நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுகிறேன். கீழே தேதி, நேரம். காலை 9.25.

அப்போது அவன் கை போய்ப் பத்து நிமிடம்.

9 செப்டம்பர்

விசாரணை. ஜெயவேல் வந்திருந்தான். மெர்லின் வந்திருந்தாள். வீடியோவைக் கம்ப்யூட்டரில் சத்தத்தோடு போட்டார்கள். அதிகாரி நேரத்தைச் சரிபார்க்க மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் நான் ஆடினேன். மெர்லின் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மொசைக் தரை.

ஜெரி எனக்குச் செய்த இரண்டு மிஸ்டு காலையும் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

10 செப்டம்பர்

கேட்டில் கார்டை வாங்கிக்கொண்டார்கள். எதிர்பார்த்ததுதான்.

6 அக்டோபர்

காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. ஜெர்சியை அம்மு எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

20 நவம்பர்

ஜெரிக்கு ஆர்டர் வந்துவிட்டது. வேலை நேரத்து விபத்து என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மெர்லின் போன் செய்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. "அவரு உங்களை வரச் சொல்றாரு" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

போனேன். டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெரி இளைத்திருக்கிறான். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறான். இன்று காலை அர்ஜென்டினா ஆடியதாம், ஜெயித்ததாம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அந்த வீடியோவ எனக்கு மட்டும் யாரும் காட்டலடா. போடு."

வேண்டாம் என்றேன்.

"போடு மாமு. நான் அந்த கோலையே இன்னும் பாக்கல."

போட்டேன். போனை அவன் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ரூமே கத்துகிற சத்தம் கேட்டது. என் குரலும் தனியாகக் கேட்டது. முடிந்தது. அவன் மறுபடி ஓட்டினான்.

"கோலு நல்ல கோலுதான்" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். கைதட்டுவதற்காக இடது கையைத் தூக்கியிருந்தான். அந்தரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு தன் தொடையிலேயே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டான்.