கேட் சோதனையில் கிடைத்த அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் விமான நிலையத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் என்னைச் சோதனை போட்டாள். ஜொகூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். எதற்கோ அந்த இயந்திரம் கத்திவிட்டது. அவள் என் இடுப்பைச் சுற்றிக் கைவைத்து, வயிற்று மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாஃப் மச்சிக்" என்று கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பெல்லாம் குலுங்குகிற சிரிப்பு. பின்னால் நின்ற வரிசையே என்னைப் பார்த்தது. செத்துப்போனவர்களை நினைத்துச் சிரிப்பது பாவமோ என்னவோ, உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புத்தான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது நம் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வீட்டில் அரிசி வைக்கவே விடவில்லை. பொதுக் கொட்டகையில் பொங்கி, ரேசன் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கடையில் பால் டின் வாங்கினால்கூட அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள். காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டக் கிளம்பும்போது கேட்டில் சோதனை. பெண்களைத் தொட்டுப் பார்க்க சுங்கை லாலாங்கிலிருந்து ஓர் அம்மாளை வேலைக்கு வைத்தார்கள். அது நீங்கள். குச்சி உடம்பு, சேலைக்கு மேலே யாருடையதோ ஒரு காக்கிச் சட்டை.

முதல் நாள் உங்கள் கை என் இடுப்பில் வந்து நின்றது. அமுக்கினீர்கள். மறுபடியும் அமுக்கினீர்கள். முகம் இறுகிவிட்டது.

"என்னா புள்ள இது? எடு வெளிய."

"எடுக்க முடியாதுக்கா. அது நான்தான்."

ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அன்று முதல் தினமும் ஒரு கிண்டல். "இன்னைக்கி கொஞ்சம் கூடியிருக்கே, தொரை பங்களாவுல விருந்தா?" என்பீர்கள். நானும் சிரிப்பேன். பருத்த உடம்புக்காரி தன்னைப் பார்த்துத் தானே முதலில் சிரித்துவிட வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் சிரிப்பது அதிகம் குத்தாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. வெட்டு முடிந்து நடுப்பகலில் நான்தான் எங்கள் வீட்டு நாலு அட்டைக்கும் சோறு வாங்கி வருவேன். வீட்டுக்காரரும் கொழுந்தனும் புல்வெட்டுக்குப் போயிருப்பார்கள், மாமியார் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தார். வீட்டில் யாரும் இல்லை. என் பங்கைத்தான் சாப்பிட உட்காருவேன். கை நிற்காது. பசி எப்போதோ தீர்ந்திருக்கும், ருசியும் தெரியாது, குழம்புகூட ஊற்றிக்கொள்ளாமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பேன். சட்டி காலியான பிறகுதான் நான் எனக்கே திரும்பி வருவேன். அப்புறம் அழுகை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்குக்கே அலைந்தவள் நான். அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால்தானோ என்னவோ. எல்லா நாளும் இப்படி இல்லை, மனசு கனத்த நாளில் நடக்கும். மாமியாரிடம், "நாய் தின்னுட்டுப் போச்சு" என்பேன், இல்லை "இன்னைக்கி கொறைச்சுத்தான் குடுத்தாங்க" என்பேன்.

என் வீட்டுக்காரர் சூதுவாது தெரியாத மனுசர். சோறு குறைகிறதென்று நேரே போய்த் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் புகார் சொல்லிவிட்டார். சமையல்காரர் சும்மா இருப்பாரா? "முழுசா அளந்துதான் குடுக்குறேன், அந்தப் பொண்ணையே கேளுங்க" என்றார். அவ்வளவுதான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் காணாமல் போகிற சோறு வேறெங்கே போகும்? வேலிக்கு அந்தப் பக்கம் காடு.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் நேரத்தில் போலீஸ் லாரி வந்தது. வீட்டுக்காரரை ஏற்றிவிட்டார்கள். விசாரணை என்று போனவர்கள் சிலரை ஊர் திரும்பவிடாமல் இந்தியாவுக்கே கப்பலேற்றிய காலம் அது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார். "வேலியில யாருகிட்ட சோறு குடுத்தே?" தோட்டமே நின்று பார்க்கிறது. நான் தலையைக் குனிந்து முந்தானையை முறுக்கினேன். ஜெயிலைவிட அந்த உண்மை எனக்குப் பெரிய பயமாக இருந்தது, அக்கா. புருசன் லாரியில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படி ஒரு வெட்கம். இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

அப்போது நீங்கள் சோதனை போடுகிற மாதிரி கிட்டே வந்தீர்கள். இடுப்பில் கைவைத்தபடி என் காதருகே சொன்னீர்கள்.

"எனக்குத் தெரியும் புள்ள. ரேசன் சோத்துல எல்லாருக்கும் ரவிக்கை தொளதொளங்குது, ஒனக்கு மட்டும் இறுக்கிப் பிடிக்குது. சொல்லிரு. வெக்கம் நாலு நாளைக்கித்தான்."

"நான்தான்யா தின்னேன்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "நாலு பேரு சோத்தையும் நானே தின்னேன்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு ஆள் அவ்வளவு சாப்பிட முடியாது என்றார். நீங்கள் முன்னால் வந்து, "கிராணியாரே, அவருகிட்ட சொல்லுங்க. தெனமும் நான் கட்டிப் பிடிக்கிற ஒடம்பு இது. சோறு காட்டுக்குப் போவல, இங்கதான் இருக்கு" என்று என் வயிற்றைத் தட்டினீர்கள். கிராணி சொல்லி முடிப்பதற்குள் பெரட்டே சிரித்தது. கடைசியில் இன்ஸ்பெக்டரும் சிரித்தார். வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கினார். அந்தச் சிரிப்புக்கு நடுவே என் மாமியார் மட்டும், "அட பாவி, அந்த நாய நான் எத்தன தடவ வெளக்கமாத்தால அடிச்சிருப்பேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாலு நாள் வெட்கம் என்றீர்களே, அது பொய். "நாலட்டைக்காரி" என்ற பேர் வருசக்கணக்கில் நிலைத்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் நீங்கள் உங்கள் சோற்றுத் தூக்கோடு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். எதிரில் உட்கார்ந்து பிசைந்தபடி கேட்டீர்கள்.

"பசியா புள்ள?"

"இல்லக்கா. நிறுத்த முடியல."

"சரி. தனியா சாப்புடாத. சோத்துக்குப் பேச்சுத்தொணை வேணும்."

அதற்கு மேல் புத்தி சொல்லவில்லை. உடம்பைக் குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நடுப்பகல் ஆனால் வந்துவிடுவீர்கள். கிராணி வீட்டுக் கதை, பெண்டாங்கில் உங்கள் தங்கை வாங்கிய வாத்துக் கதை என்று பேசிக்கொண்டே ஒரு பிடி, இன்னொரு பிடி. உங்களைப் போல மெதுவாகச் சாப்பிடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எரிச்சலாகக்கூட இருக்கும். தங்கையைப் பார்க்க நீங்கள் பெண்டாங் போன நாட்களில் சட்டி மறுபடி காலியாகும். திரும்பி வந்ததும் சொல்லுவேன். "சரி, இன்னைக்கி ஒக்காரு" என்பீர்கள். அவ்வளவுதான்.

இப்போது இதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பேராசை இல்லை, நோய் என்று என் மகளிடம் ஒரு டாக்டர் விளக்கினாராம். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கோபம். இத்தனை வருசம் கழித்தா சொல்வது? வேலி எடுத்தார்கள், அரிசி வீட்டுக்கு வந்தது, தோட்டத்தைவிட்டு எல்லாரும் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போனோம். என் உடம்பு அப்படியே இருக்கிறது. பிள்ளை பெற்று, மரம் வெட்டி, வீடு கட்டிய உடம்பு. அதோடு எனக்கு இப்போது சண்டை இல்லை.

உங்கள் கடைசி மாதத்தில் தொண்டையில் கஞ்சிகூட இறங்கவில்லை. பார்க்க வந்த அன்று உங்கள் மருமகள் கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தாள். உங்கள் எதிரில் சாப்பிட எனக்கு மனமில்லை. வெளியே போய்ச் சாப்பிடுகிறேன் என்று எழுந்தேன். சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இங்கயே ஒக்காந்து சாப்புடு புள்ள. எனக்கும் சேத்து. நான் பாக்குறேன்."

ஒளிந்து தின்றே பழகியவள் நான். அன்றைக்கு உங்கள் கண் முன்னால், ஒவ்வொரு பிடியாக, உங்களைப் போலவே மெதுவாகச் சாப்பிட்டேன். நீங்கள் விழுங்குவது போலத் தொண்டையை அசைத்துக்கொண்டே பார்த்தீர்கள். முடித்ததும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றீர்கள். என் வாழ்நாளில் அந்த வார்த்தையை எனக்குச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா. போட்டுக்கொண்டேன்.