காப்பித் தோட்டத்தில் மாமா வாங்கிய திட்டு

என் அருமை அத்தைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதினால் நல்ல சேதியாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. மாமா திட்டு வாங்கினார். அதுவும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், கொல்லிமலையில்.

சிரிக்கிறீர்களா? இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "மாமனப் பாத்துக்க சாமி" என்றீர்களே, நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "மனுசன் ஒடஞ்சு போயிருக்காரு, ஒரு சொல்லு கடிஞ்சு சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு நாள் சட்டை மாற்றாமல் இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தாலும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

கரும்புக்காட்டுப் பக்கம் அவர் எட்டியே பார்க்கவில்லை. நாளெல்லாம் கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பேச்சை நாங்களும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு "ம்", "வேண்டா" என்ற இரண்டு சொல்லில் குடும்பம் நடத்தினார். ஆளும் பாதியாக இளைத்துவிட்டார். உங்கள் பின்னாலேயே இவரும் கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, அத்தை. அப்படி ஒன்று ஆகிவிட்டால் உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

உங்கள் பையன் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறார். போனில், "அப்பாவ எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ, நாலு எடம் பாத்தா சரியாவாரு" என்றார். சொல்கிறவருக்கு என்ன, சுலபம்தான். ஆனாலும் மனசுக்குச் சரியென்று பட்டது. மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்க இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசிக் கடைசியில் மாமாவைக் காரில் ஏற்றினேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவையும் நானேதான் ஓட்டினேன். நம்புங்கள். முன்பெல்லாம் நான் கியர் மாற்றினாலே குறை சொல்லுகிற மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, நான் திணறி, வண்டி நின்றே போனது. அப்போதும் பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோட்டக்காரியின் பெயர் பழனியம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டம் இரண்டு ஏக்கருக்குள்தான். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி விட்டிருக்கிறார். கடைசிப் பறிப்பு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஆசையாக ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். காப்பி வாசமே இல்லை, அத்தை! என் முழியைப் பார்த்து அந்த அம்மா சிரித்துவிட்டு, "வறுத்தாத்தான் வாசம் வரும்மா" என்றார். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்து, இடித்து, வெல்லம் போட்டுக் கடுங்காப்பி தந்தார். மாமா இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பழனியம்மா போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

மாமாதான் வழக்கம்போல விடியுமுன்னே எழுந்துவிடுவாரே. எழுந்தவர் தோட்டத்துக்குள் போயிருக்கிறார். காப்பிச் செடிகளுக்கு மேலே கல்யாண முருங்கை மரங்கள் நிழல் கட்டி நிற்கின்றன. அவருக்குப் பொறுக்கவில்லை. நிழல் விழுந்தால் கரும்பு ஏறாது, மஞ்சள் ஏறாது என்று வாழ்நாளெல்லாம் வரப்பு மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்ட கை அல்லவா? பாவம், தனி ஆளாகப் பெண்பிள்ளை, மரம் கழிக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, சுவரில் சாய்த்திருந்த தொரட்டியை எடுத்து நாலு மரத்தை மொட்டையடித்துவிட்டார். வெட்டிய தழையை அந்த வீட்டு ஆடுகளுக்கும் போட்டிருக்கிறார். ஆடுகள் மட்டும் ஆனந்தமாகத் தின்றுகொண்டிருந்தன.

"பெரியவரே, நீங்க விருந்துக்கு வந்தீங்களா, தோட்டத்த அழிக்க வந்தீங்களா?" என்று பழனியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "மழைக்காலத்துல கழிக்கிற மரத்த, வெய்யக்காலம் வர்ற நேரத்துல யாராச்சும் கழிப்பாங்களா? கீழ பன்னண்டு செடி நிக்குது. வெய்யில் எறங்குனா அம்புட்டும் கருகிப்போவும்!"

"நெழல் கட்டுதேன்னுதானுங்க..." என்றார் மாமா. "எங்க பக்கம் நெழல்ல கரும்பு வெள்ளாம வராதுங்க."

"இது உங்க கரும்புக்காடு இல்ல. காப்பிக்கு நெழலு இருந்தாத்தான் உசுரு. ஒரு வார்த்த கேக்க வாயில்லையா உங்களுக்கு? இத்தன வயசாயி என்ன பிரயோசனம்?"

"அவரு மனசு சரியில்லாம இருக்காருங்க, எதும் சொல்லாதீங்க" என்று குறுக்கே ஓடினேன். மாமா என்னைக் கையால் தடுத்தார்.

"தப்புத்தாங்க அம்மிணி" என்றார்.

நான் வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"எங்கூட்டுக்காரி இருந்திருந்தா என் கையப் புடிச்சிருப்பா. ஒருக்கா நான் வரப்பு வேம்ப வெட்டப் போனப்ப, மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'கொடுவாளக் கீழ போடுங்க'ன்னு கத்துனா. காடே திரும்பிப் பாத்துச்சு. இப்ப என்னையத் திட்ட ஆளில்லீங்க. எல்லாரும் என்னைய நோயாளியாட்டப் பாக்கறாங்க."

அப்படியே வெட்டிப்போட்ட கிளைகள்மேல் உட்கார்ந்து அழுதார். எட்டு மாதமாக அழாததை எல்லாம் அழுதார். நானும் அழுதேன். பழனியம்மா கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "திட்ட ஆள் வேணும்னா நான் இருக்கேன். அழுதது போதும், எந்திரிங்க. கம்பு நட்டு, புல்லு வேஞ்சு, அந்தச் செடிங்களுக்கு மேல பந்தல் போடணும். நீங்கதான் போடணும்" என்றார்.

ஒரு நாளைக்கு என்று போனவர்கள் மூன்று நாள் தங்கினோம். மாமா குழி தோண்டினார், கம்பு நட்டார், புல் கட்டினார். பழனியம்மா அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். "கோணலா நிக்குது பாருங்க", "நீங்கல்லாம் என்ன விவசாயி?" மாமாவும் பதிலுக்குப் பதில் பேசினார். மூன்று வேளையும் வழித்துச் சாப்பிட்டார். அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் பார்த்துக்கொள்ளச் சொன்னதை, பொத்திப் பொத்தி வைக்கச் சொன்னதாக நினைத்து அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேனே! நாற்பத்தைந்து வருஷம் நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டது எப்படி என்று கூடவே இருந்த எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், மாமா கரும்புக்காட்டுக்குப் போனார். யாரும் சொல்லவில்லை, தானாகவே போனார். மத்தியானம் திரும்பி வந்தவர், சேற்றுக்காலோடு கூடத்துக்குள் நடந்து வந்தார். அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தேன். 'பரவாயில்ல விடுங்க மாமா' என்று சொல்ல வந்த நாக்கை மடக்கினேன்.

"ஏனுங்க மாமா, கண்ணு தெரியுதா இல்லையா? காலக் கழுவாம ஊட்டுக்குள்ள வாரீங்க! போங்க வெளிய!"

மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வாசலுக்குப் போய்க் காலைக் கழுவினார். திரும்பி வந்தவர் நேரே உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"கேட்டியா, இவ பேசற பேச்ச?" என்றார் உங்களிடம்.

இனி தினமும் வந்து புகார் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். நான் அவரை ஒரு நாளும் திட்டாமல் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகள்
கோகிலா