குகைக் கட்டத்து மெட்டு, ஐந்து குழல்களுக்கு

டிரம்பெட்காரா,

காலையில் எழுந்ததும் நேற்றுப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தேன். கைமடிப்பில் குழலுக்குப் போடும் எண்ணெய் வாசனை. பாளையங்கோட்டையில், நூறு பேருக்கு முன்னால், நம் மெட்டை வாசித்துவிட்டோம். இதை உன்னிடம் சொல்லாமல் பல் தேய்க்கக்கூட மனம் வரவில்லை.

ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில், பள்ளிக்கூடம் விட்டதும் நாம் போய் விளையாடிய கேமில் ஒரு தண்ணீர்க் குகைக் கட்டம் வருமே, அதன் பின்னணியில் ஓடும் மெட்டுதான். அந்தக் கட்டத்திலேயே செத்துச் செத்துப் பிழைத்ததில் நம் இருவருக்கும் அது மனப்பாடம். பிறகு நீ கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்தாய். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா, ஞாயிறானால் சர்ச்சில் ஆர்கன். “அந்த மெட்டை மேற்கத்திய செவ்வியல் முறையில் ஐந்து பித்தளைக் குழல்களுக்கு எழுதப் போறேன்” என்று நான் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் டீ உன் மூக்கில் ஏறிவிட்டது.

ஆனாலும் எழுதினேன். ஒருவர் மெட்டைத் தொடங்க, கொஞ்சம் தள்ளி அடுத்தவர் அதே மெட்டோடு துரத்துவார். ஐந்தாவதாக, எல்லாவற்றிலும் பெரிய குழலான டியூபா வந்து சேரும்போது தரையே அதிரும். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் அமர்க்களம். முதல் ஒத்திகையில் இரண்டாம் பக்கம் முடிவதற்குள் உன் முகம் சிவந்துவிட்டது. குழலை மடியில் வைத்தாய்.

“ஏலே, ஒன் கம்ப்யூட்டர் மூச்சு விடாம ஊதும். நான் எங்கனலே மூச்சு எடுக்க? ஒரு எடம் காட்டு பாப்போம்.”

தேடினோம். இரண்டு பக்கத்தில் ஓர் இடம்கூட இல்லை. ஆர்கன் வாசிக்கிறவனுக்கு விரல்தான் வலிக்கும், மூச்சு முட்டாது. அந்தப் புத்தி எனக்கு உறைக்கவே இல்லை.

மூச்சுக்கு இடம் விட்டுத் திருத்தினேன். அடுத்து மேல் சுரம். இரண்டாம் சுற்றில் டிரம்பெட் உச்சிக்கு ஏற வேண்டும், மொத்த அழகும் அங்கேதான். பைக்கிலிருந்து விழுந்து முன்பல் போன பிறகு உனக்கு அந்த உயரம் எட்டவில்லை. மூன்று தடவையும் காற்றுதான் வந்தது. நான் அந்தச் சுரத்தைக் கீழே இறக்கி எழுதினேன். நீ தாளைப் பார்த்தாய். “பல்லு கட்டிட்டு வாரேன். பொறவு மேல ஏத்தீரணும், என்ன?” என்றாய். பல் கட்டவே இல்லை. அதற்குள் நெஞ்சுவலி வந்து ஒரேயடியாகப் போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உன் இடத்தில் இப்போது ஸ்ரீவைகுண்டத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூட மியூசிக் டீச்சர். போன வாரம் கேட்டாள்: “சார், இந்த எடம் மேலேல்லா போணும்? ஏன் எறங்குது?”

“எழுதினபடி வாசிங்கம்மா” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சுரமும் மாறிவிட்டால், அந்தத் தாளில் உன்னுடையது என்று எதுவும் இருக்காதே என்று பயம்.

நேற்று மேடையில் இரண்டாம் சுற்று வந்தது. அவள் எழுதினபடி வாசிக்கவில்லை. ஏறிவிட்டாள். பிசிறே இல்லாமல், முழுசாக! மற்ற நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னும் வேகமாகத் துரத்தினார்கள். முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது கோபம் வரும் என்று பார்த்தேன். சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும். நீ இதைக் கேட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள். “மன்னிச்சிருங்க சார், தானா ஏறிட்டு.”

“இனிமே அப்படியே வாசிங்க” என்றேன்.

இப்போதுதான் ரப்பரை எடுத்து உன் சுரத்தை அழித்தேன். மேல் சுரத்தைப் பென்சிலால் எழுதியாயிற்று. நீ சொன்னதும் அதுதானே. எத்தனை அழுத்தித் தேய்த்தும் பழைய தடம் தாளில் லேசாகத் தெரிகிறது. வாசிக்கிறவர்கள் மேலே உள்ளதை வாசிக்கட்டும். கீழே உள்ள தடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.