வக்கார் அகமது போகும் மாடியறை

மேல்விஷாரம்
10.8.2025

அன்புள்ள உமைமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்தது சரிதான். குடித்துவிட்டு நான் பேசிய பேச்சை எந்தக் காது தாங்கும்? கடிதம் போட்டால் பிரிக்க மாட்டேன் என்று நீ சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் தோல் டேனரி டிஸ்பென்சரி நர்ஸ் கிறிஸ்டினா ஒரு விலாசம் கொடுத்தார். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மாதாகோயில். அதன் மாடியறையில் ஞாயிறு சாயங்காலம் குடியை விட நினைப்பவர்கள் கூடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். நம்மவர்களில் குடிக்கிறவனே கிடையாது என்றுதானே பேச்சு!

யாராவது பார்த்துவிட்டால் சொல்வதற்கென்று பஜாரில் வெங்காயம் வாங்கினேன். கேட் வரை போய்த் திரும்பி வந்து பூண்டும் வாங்கினேன். அதற்கு மேல் வாங்க ஒன்றும் தோன்றாததால் உள்ளே போனேன்.

என் முறை வந்ததும், "நான் பெரிய குடிகாரன் இல்லீங்க. நோன்பு மாசம் பூரா ஒரு சொட்டு தொடமாட்டேன்" என்றேன். வருஷா வருஷம் உன்னிடம் சொன்னதும் இதைத்தானே. ஒடுகத்தூர்க்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் மாலை போட்டா சுத்தம் பாய். மலைக்குப் போய் வந்து மாலையக் கழட்டின கையோட கடைக்குப் போய்டுவேன்." பக்கத்தில் இருந்தவர், "எனக்குத் தவக்காலம். ஈஸ்டர் அன்னிக்குக் காலைல பூசை, மத்தியானம் பாட்டில்" என்றார்.

இத்தனை வருஷம் பெருமையாக வைத்திருந்த சாட்சி ஒரே நொடியில் போய்விட்டது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. அவர்கள் பெயரை மட்டும் கேட்காதே. அங்கே பார்த்தவரை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த அறையின் கட்டுப்பாடு.

ஜோயாவுக்கு என் முத்தங்கள்.

வக்கார்


ஆம்பூர்
19.8.2025

ஜோயா அப்பாவுக்கு,

வ அலைக்கும் அஸ்ஸலாம். கடிதத்தைப் பிரித்தேன். கையெழுத்து கோணவில்லை, அதையும் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தலையால் தண்ணீர் குடித்தும் நீங்கள் காய்கறிக் கடைக்குப் போனதில்லை. வெங்காயம் வாங்க வைத்த அந்த மாடியறைக்கு என் சலாம்.

இங்கே ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை ஜோயா நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

என்னைப் பெற்ற அம்மியின் முட்டிவலிக்காக வந்திருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் குடிப்பது என் அண்ணன் ரஷீத் பாய்ஜானுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைத் திரும்ப அனுப்பவே மாட்டார். நானும் குழந்தையும் என்றைக்காவது அந்த வீட்டுக்கு வர வேண்டுமென்றால் இது நம் இருவருக்குள் இருக்கட்டும். நம்பி நம்பி அலுத்துவிட்டது, அதனால் இப்போதைக்கு நம்பவில்லை. ஆனால் போவதை விட்டுவிடாதீர்கள்.

உமைமா


மேல்விஷாரம்
14.9.2025

அன்புள்ள உமைமா,

நீ காப்பாற்றி வைத்ததை நான் உடைத்துவிட்டேன்.

நேற்று ஷிப்ட் விடும் நேரத்தில் ரஷீத் பாய் டேனரி வாசலில் நின்றிருந்தார். "இன்னா வக்கார், ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறியாமே? மதம் மாறிட்டியா? பாத்தவங்க வந்து சொல்றாங்க" என்றார். பஜாருக்கு வெங்காயம் வாங்கப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்காகத்தானே அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வாயில் வேறு வந்துவிட்டது. "இல்ல பாய். நான் குடிக்கிறவன். அத விடத்தான் போறேன்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பிறகு, "நம்ம ஆளுங்க வேற யார் வர்றாங்க? பேரச் சொல்லு. உன் விஷயத்த நான் பெருசு பண்ணமாட்டேன்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். "அப்ப உமைமாவ மறந்துடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நேராக வீட்டுக்கு நடந்தேன். கால் கடைப் பக்கம் போகவில்லை. பெருமை பீற்றுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமையாகத்தான் எழுதுகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே போவதை நிறுத்த மாட்டேன். மாதக் கடைசி ஞாயிறு வீட்டாரும் வந்து உட்காரலாமாம். உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை.

வக்கார்


ஆம்பூர்
20.9.2025

ஜோயா அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரஷீத் பாய்ஜான் இங்கே வந்து குதித்த குதியில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்துகொண்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. குலா கேட்டு மணவிலக்கு வாங்கிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ரோஷம் வந்ததோ! "அவரு குடிச்சிட்டு ரோட்ல விழுந்து கெடந்தப்ப யாரும் வந்து உங்ககிட்ட சேதி சொல்லல. எழுந்து நடக்கறப்ப மட்டும் ஓடி வந்து சொல்றாங்களா?" என்றேன். "குடிகாரன் பேச்ச நம்புறியா?" என்று கத்தினார். "அவ்ளோ கேட்டும் ஒருத்தர் பேரையும் சொல்லலியே பாய்ஜான். மத்தவங்க மானத்தக் காப்பாத்தினவரு என் மானத்தயும் காப்பாத்துவாரு" என்றேன். அம்மி சமையலறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கோபம் தீர நாளாகும், தீராமலும் போகலாம்.

உங்கள் பெயரைச் சொல்லும்போது என் தலை நிமிர்ந்தே இருந்தது. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வருகிற கடைசி ஞாயிறு ஜோயாவை அம்மியிடம் விட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறுகிறேன். நீங்கள் கேட்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். கையில் பை எதுவும் வேண்டாம். நான் புர்காவோடு உங்கள் பக்கத்தில் நடந்து உள்ளே வருவேன். சேதி சொல்லப் போகிறவர்கள் இந்த முறை இரண்டு பேரைப் பற்றிச் சொல்லட்டும்.

உங்கள் உமைமா